போர்க்களச் சுற்றுலாவில் எத்தனை இடம் பார்ப்பது?

3 பிப்ரவரி, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

"லண்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஜூலையில் உறவுக்காரர்கள் பலர் ஒன்றாகப் போகிறோம். முப்பது பேருக்கு மேல் தேறும். அங்கிருந்து ஒரு பஸ் எடுத்து பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் உள்ள முதல் உலகப் போர்க்களங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறார் மருமகன். பயண நிறுவனம் கொடுத்த பட்டியலில் மூன்று நாளில் பதினான்கு இடம். ஈப்பர், சோம், வெர்டன் எல்லாம் உண்டு. கல்லறை கல்லறையாக ஏறி இறங்குவதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மூன்றாவது இடத்திலேயே எல்லாம் ஒன்றுபோலத் தெரியாதா? வெள்ளைக்காரர்கள் தங்களுக்குள் போட்ட சண்டைக்கு நாம் ஏன் இவ்வளவு செலவழிக்க வேண்டும்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்."

3 பிப்ரவரி, இரவு

போய் வந்தவன் சொல்கிறேன். பதினான்கில் எட்டு இடங்களை இப்போதே அடித்துவிடுங்கள். மூன்றாவது கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் என்பது உண்மைதான். குற்றம் பட்டியல் போட்டவருடையது. பஸ் நிற்கும், இருபது நிமிடம், கழிப்பறை, புகைப்படம், மறுபடி பஸ். இப்படிப் போனால் எந்த இடமும் மனதில் தங்காது.

வெள்ளைக்காரர்கள் சண்டை என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இந்தியப் படை 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. அக்டோபர் முடிவதற்குள் பெல்ஜியத்தின் ஈப்பருக்குத் தெற்கே பதுங்குகுழிகளில் நின்றது. வெயில் நாட்டுக்குத் தைத்த மெல்லிய பருத்தி உடுப்போடு அந்தக் குளிரில் இறக்கப்பட்டவர்கள் அவர்கள். போர் முடியும்போது பல முனைகளிலும் சேர்த்து இறந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 74,000 பேர். யாருடைய சண்டையாகவும் இருக்கட்டும், செத்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு.

உங்கள் பட்டியலில் பிரான்ஸில் இந்தியர்களுக்கென்று எழுப்பிய நினைவிடமான நூவ் ஷாப்பல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

4 பிப்ரவரி, மாலை

"இல்லை" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். எங்களுக்குக் கொடுத்த பட்டியலிலும் இல்லை. நாங்கள் பிடிவாதம் பிடித்துச் சேர்த்தோம். "அது வழியில் இல்லை, அங்கே பார்க்க ஒன்றுமில்லை" என்றார் ஏற்பாடு செய்தவர். ஈப்பரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

வயல்களுக்கு நடுவே ஒரு நாற்சந்தி. சாலையோரம் வட்டமாக ஒரு மதில். வட்டத்தின் ஒரு பாதி, கல்லில் துளை துளையாகக் குடைந்த பின்னல் வேலை. அதன் வழியே பின்னாலிருக்கும் பயிர் தெரியும். மறு பாதி முழுச் சுவர். அந்தச் சுவர் நெடுகப் பெயர்கள், 4,700-க்கும் மேல். உடல் கிடைக்காதவர்கள், கல்லறை இல்லாதவர்கள். முகப்பில் அசோகர் தூணை நினைவூட்டும் 15 மீட்டர் உயரத் தூண், உச்சியில் தாமரை, அடியில் இரண்டு பக்கமும் கல்லில் புலிகள். வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேக்கர். டில்லியில் தலைமைச் செயலகக் கட்டடங்களையும் பழைய நாடாளுமன்றத்தையும் எழுப்பிய அதே ஆள். 1927 அக்டோபரில் திறந்தார்கள்.

இடத்தை ஏன் அங்கே தேர்ந்தார்கள் என்றால், 1915 மார்ச் 10 அன்று இந்தியப் படை பெரிய அளவில் தாக்குதலில் இறங்கியது அந்தக் கிராமத்தில்தான். முதலில் 35 நிமிடம் பீரங்கி மழை. பிறகு காலாட்படை. முதல் நாளே கிராமம் கைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் நகர முடியவில்லை. 13-ஆம் தேதி நிறுத்தியபோது இந்தியப் பிரிவுகளில் மட்டும் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் என்று ஏறத்தாழ 4,200 பேர். கார்வால் படையைச் சேர்ந்த கப்பர் சிங் நேகி முதல் நாளிலேயே விழுந்தார். பிரிட்டிஷ் படையின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற அவருடைய பெயரும் மற்றவர்களுடைய பெயர்களோடு சுவரில்தான் இருக்கிறது. இமயமலை அடிவாரத்தில் அவருடைய ஊர்ப்பக்கத்தில் இன்றும் அவர் பெயரால் ஆண்டுதோறும் விழா எடுக்கிறார்கள்.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பெரியம்மா. மற்றவர்கள் தூணைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அவர் சுவரின் ஒரு மூலையிலிருந்து, வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படிப்பதுபோல, வாய்விட்டுப் பெயர்களைப் படிக்கத் தொடங்கினார். கான், சிங், தாபா, ராம், குருங். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சின்ன இடைவெளி. முதலில் இரண்டு பேர் பக்கத்தில் போய் நின்றார்கள். பிறகு எல்லோரும். அவருக்குத் தொண்டை கட்டியதும் என் மைத்துனர் மேற்கொண்டு படித்தார். ஒரு படைப்பிரிவைக்கூட முடிக்க முடியவில்லை. அந்தப் பயணத்தில் யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்காத இடம் அது ஒன்றுதான்.

4 பிப்ரவரி, இரவு

அவசரத் தகவல். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் பிரிட்டன் விசாவை வைத்துக்கொண்டு பெல்ஜியத்துக்குள் போக முடியாது. ஷெங்கன் விசா தனியாக வேண்டும். ஊரிலிருந்து வரும் பெற்றோருக்கு இதைக் கடைசி நேரத்தில்தான் சொல்கிறார்கள். ஜூலை கூட்டமான மாதம். இப்போதே தொடங்குங்கள்.

6 பிப்ரவரி, காலை

"நூவ் ஷாப்பலில் சீக்கியர், கூர்க்கா, பட்டாணியர் பெயர்தானே இருக்கும், தமிழனுக்கு அங்கே என்ன வேலை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் ஒன்று. கார்வால் மலைக்காரனுக்கும் அந்தச் சண்டையில் ஒரு வேலையும் இல்லை. அவன் அங்கே செத்தான். அந்தப் பெயரைப் படிக்க நாம் அவன் சாதிசனமாக இருக்கத் தேவையில்லை. 1917-ல் பிரான்ஸுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியத் தொழிலாளர் படையில் நாகர்கள், லுஷாய்கள், காசிகள், சந்தால்கள் இருந்தார்கள். மரம் வெட்டவும் தண்டவாளம் போடவும் மூட்டை இறக்கவும் போனவர்கள். துப்பாக்கி பிடிக்காமலே செத்தவர்களும் அந்த நினைவிடத்துக்கு உரியவர்கள்தான்.

இரண்டாவது, தமிழ் மண்ணுக்கும் அந்தப் போர் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கலங்களைச் சுட்டு எரித்தது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, தமிழகத்துக் கிராமங்கள் சிலவற்றில் இன்னமும் சுவரில் பதிந்திருக்கும் சின்ன கல்வெட்டு. இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை பெரும்போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், அதில் உயிர் விட்டவர்கள் இத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. அதில் பெயர் இல்லை. எண்ணிக்கை மட்டும். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, பிறகு வருகிறேன்.

மூன்றாவது, புதுச்சேரி. கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைத் தாண்டி நடக்கிறவர்கள் 1938-ல் எழுப்பிய பிரெஞ்சுப் போர் நினைவிடத்தைப் பார்த்திருப்பார்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகப் போய் மாண்ட பிரெஞ்சிந்தியர்களுக்கானது அது. ஜூலை 14 வந்தால் விளக்குப் போட்டு மலர் வைக்கிறார்கள். கிளம்புமுன் புதுச்சேரிக்கு ஒரு நடை போய்விட்டுப் போங்கள். அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டு வெர்டனுக்குப் போனால், வெர்டன் அவ்வளவு அந்நியமாக இருக்காது.

8 பிப்ரவரி, இரவு

மெனின் வாயில் பற்றிக் கேட்டவர்களுக்கு.

ஈப்பர் நகரத்தின் கிழக்கு வாசல். சிப்பாய்கள் அந்த வழியாகத்தான் முனைக்குப் போனார்கள். அன்று அங்கே வாயில் என்று ஒன்றும் கிடையாது, கோட்டைச் சுவரில் ஒரு வெட்டு, அவ்வளவுதான். 1927 ஜூலையில் இப்போதிருக்கும் வளைவைத் திறந்தார்கள். உள்ளும் புறமும், படிக்கட்டுச் சுவரிலும் 54,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், எல்லாம் உடல் கிடைக்காதவர்கள். அதில் 400-க்கும் மேல் இந்தியர்கள். இவ்வளவு பெரிய வாயிலிலும் இடம் போதவில்லை. 1917 ஆகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு காணாமல் போன ஏறத்தாழ 35,000 பேரை டைன் காட் கல்லறைத் தோட்டத்தின் சுவரில் எழுதினார்கள்.

ஒவ்வொரு மாலையும் சரியாக எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்துகிறார்கள். ஊதுகொம்புக்காரர்கள் வந்து நின்று, இறந்த சிப்பாய்களுக்கான இசையான "லாஸ்ட் போஸ்ட்" ஊதுகிறார்கள். அவர்கள் அந்த ஊர்த் தீயணைப்புப் படையோடு தொடர்புடைய உள்ளூர்க்காரர்கள். ராணுவத்தினர் அல்லர். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. அரசு உத்தரவு போட்டு நடக்கும் சடங்காக இருந்தால் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மேலே ஒருவர் "1928 முதல் ஒரு நாள்கூட நிற்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். நின்றது. 1940 மே 20 முதல் 1944 செப்டம்பர் 6 வரை ஈப்பர் ஜெர்மானியர் கையில் இருந்தது. அந்த நான்கு ஆண்டுகளும் இங்கிலாந்தில் புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் ஊதினார்கள். போலந்துப் படை ஊரை மீட்ட அன்று மாலையே, ஊரின் இன்னொரு பக்கத்தில் சண்டை ஓயாதபோதே, வாயிலில் கொம்பு ஒலித்தது. நின்றுபோய் மறுபடி தொடங்கியது என்பதுதான் நிற்கவே இல்லை என்பதைவிட எனக்குப் பிடித்திருக்கிறது.

பெல்ஜிய நேரம் லண்டனைவிட ஒரு மணி முன்னால். கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். கோடையில் ஏழேகாலுக்குப் போனால்தான் முன்வரிசை. முடிந்ததும் கைதட்டக்கூடாது. குழுவில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஏனென்றால் நம் கை தானாகத் தட்டும்.

9 பிப்ரவரி, பிற்பகல்

கால் வலி பற்றி. டைன் காட், ஜெர்மானியர் கல்லறைத் தோட்டமான லாங்கமார்க் இரண்டும் சமதளம், சக்கர நாற்காலி போகும். பதுங்குகுழிகள் உள்ள இடங்கள் அப்படி இல்லை. மழை பெய்தால் வழுக்கும். முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்குக் கைத்தடி கட்டாயம். சைவச் சாப்பாட்டுக்குக் கிராமங்களை நம்ப வேண்டாம். புளிசாதமும் எலுமிச்சைசாதமும் கட்டிக்கொண்டு போனோம். கல்லறைத் தோட்டத்துக்குள் பொட்டலம் பிரிக்கவில்லை, பஸ்ஸிலேயே முடித்துக்கொண்டோம்.

9 பிப்ரவரி, இரவு

"நம்மூர் நடுகல் மாதிரிதானே இதுவும்?" என்று கேட்டவருக்கு. முழுக்க இல்லை. நடுகல் ஒரு வீரனின் வீரத்தைச் சொல்லும். ஆநிரை மீட்டான், புலி குத்தினான், பகையை எதிர்த்து நின்றான் என்று செயல் இருக்கும். பிரிட்டிஷ் கல்லறைகளில் அந்தச் செயல் இல்லை. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. குடும்பத்தார் விரும்பினால் 66 எழுத்துக்குள் ஒரு வரி. ஓடியபோது சுடப்பட்டானா, நின்று சுட்டானா என்று கல் சொல்லாது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே உயரம். அடையாளம் தெரியாத உடலென்றால் "இறைவனுக்குத் தெரிந்தவன்" என்ற பொருளில் ஒரு வரி. டைன் காட்டில் கிடக்கும் ஏறத்தாழ 12,000 பேரில் 8,300-க்கும் மேற்பட்டோர் அப்படிப்பட்டவர்கள். வரிசை வரிசையாக நடக்கும்போது இதுதான் அறையும். பெயருள்ள கல்லைத் தேட வேண்டியிருக்கிறது.

11 பிப்ரவரி, காலை

எட்டு இடத்தை அடியுங்கள் என்றேன். எவை என்று கேட்கிறீர்கள். சோமை முழுவதுமாக விட்டுவிடலாம் என்றுதான் முதலில் சொல்ல நினைத்தேன். இரண்டு நாள் யோசித்ததில் அங்கிருக்கும் தியெப்வால் நினைவிடத்தை விட மனமில்லை.

1916 ஜூலை 1 காலை ஏழரை மணிக்கு பிரிட்டிஷ் படை சோமில் பதுங்குகுழிகளைவிட்டு ஏறியது. அன்று ஒரே நாளில் இறந்தவர்கள் 19,240 பேர். காயம்பட்டவர்களையும் காணாமல் போனவர்களையும் சேர்த்தால் 57,470. இந்த எண்களை எத்தனை முறை படித்தாலும் ஒன்றும் ஆகாது. தியெப்வாலில் லட்யன்ஸ் கட்டிய செங்கல் வளைவுகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், டில்லி இந்தியா கேட்டை வடிவமைத்தவரும் அவர்தான். தூணுக்குத் தூண், பக்கத்துக்குப் பக்கம் 72,000-க்கும் மேல் பெயர்கள். இடையிடையே சில பெயர்கள் எடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். உழும்போதோ சாலை வெட்டும்போதோ உடல் கிடைத்து, யாரென்று உறுதியாகிவிட்டால், அவனுக்கு ஒரு கல்லறை கிடைக்கிறது, சுவரிலிருந்து பெயரை எடுத்துவிடுகிறார்கள். நூறு ஆண்டு கழித்தும் அந்தக் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

பின்பக்கம் இறங்கினால் ஒரு சிறு கல்லறைத் தோட்டம். இடது பக்கம் 300 பிரெஞ்சுக்காரர்கள், வலது பக்கம் 300 பிரிட்டிஷ் படையினர் என்று நினைவு. பக்கம் மாறியிருந்தாலும் எண்ணிக்கை சமம். வேண்டுமென்றே சமமாக வைத்தது.

பக்கத்தில் போமோன்-ஹாமெல் நேரமிருந்தால் மட்டும். நியூஃபவுண்ட்லாந்து தீவிலிருந்து வந்த ஒரு படைப்பிரிவு, ஏறத்தாழ 800 பேர், அதே காலையில் அந்தச் சரிவில் இறங்கியது. மறுநாள் ஆள் எண்ணியபோது 68 பேர் குரல் கொடுத்தார்கள். பதுங்குகுழிகளைப் புல் மூடிய நிலையில் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அவர்கள் கடந்த தூரம் எவ்வளவு குறைவு என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

12 பிப்ரவரி, இரவு

ஜெர்மானியர் கல்லறை எதற்கு என்று சிலர். லாங்கமார்க்கை நான் பட்டியலில் வைக்கச் சொல்வேன், அதுவும் டைன் காட் பார்த்த உடனே. அங்கே வெள்ளைக் கல், ரோஜா, வெட்டவெளி. இங்கே ஓக் மரங்களின் இருட்டு, தரையோடு பதித்த கருங்கற்கள். ஒரே கல்லில் பல பெயர். நுழைந்ததும் ஒரு சதுரப் பாத்தி, அதற்குள் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர். தோட்டம் முழுவதும் 44,000-க்கும் மேல். தொலைவில் நான்கு பேர் தலைகுனிந்து நிற்பதுபோல வெண்கல உருவங்கள். மங்கிய வெளிச்சத்தில் நிஜ ஆட்கள் என்றே நினைத்துவிட்டார் எங்களில் ஒருவர்.

"அங்கே புதைந்தவர்கள் எல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே செத்த கல்லூரி மாணவர்கள்" என்று மேலே வந்திருக்கிறது. அது 1914 நவம்பரில் ஜெர்மானியத் தலைமை விட்ட செய்தியிலிருந்து வளர்ந்த கதை. பின்னால் நாஜிகள் ஊதிப் பெரிதாக்கினார்கள். மாணவர்கள் இருந்தார்கள், ஒரு சிறு பங்கு. மற்றவர்கள் தொழிலாளிகள், குமாஸ்தாக்கள், விவசாயிகள், குடும்பஸ்தர்கள். செத்தவனை வைத்து அடுத்த போருக்கு ஆள் சேர்க்கும் வேலை எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. வழிகாட்டி இந்தக் கதையைச் சொன்னால் பேசாமல் இருக்காதீர்கள், கேளுங்கள்.

குழுவில் வந்த பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன், "இவங்களைச் சுட்டது நம்ம ஆளுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டான். இருக்கலாம் என்றார் அப்பா. வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை அவருக்கு, எனக்கும்தான்.

13 பிப்ரவரி, காலை

எச்சரிக்கை, பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு. ஈப்பர் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதி வயல்களில் ஒவ்வோர் உழவிலும் இன்றும் குண்டுகள் கிளம்புகின்றன. உழவர்கள் அவற்றைச் சாலையோரம் மின்கம்பத்தின் அடியில் வைத்துவிட, ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவு வந்து எடுத்துப்போகிறது. பஸ் ஓரிடத்தில் நின்றபோது நானும் பார்த்தேன். துரு ஏறி, களிமண் அப்பி, முழங்கை நீளத்துக்கு ஒன்று. பழைய இரும்பு என்று தோன்றும். 2014-ல் ஈப்பரில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த இருவர் இப்படி ஒரு குண்டு வெடித்து இறந்தார்கள், முதல் உலகப் போர்க் குண்டு. சில குண்டுகளில் இருப்பது விஷவாயு. 1915 ஏப்ரல் 22 அன்று இதே ஊருக்கு வெளியேதான் குளோரின் வாயுவைப் பெரிய அளவில் முதன்முதலாகத் திறந்துவிட்டார்கள். நான்கு நாள் கழித்து இந்தியப் படையின் லாகூர் டிவிஷன் அந்த வாயுவுக்குள் முன்னேறியது. எதையும் தொடக்கூடாது, நினைவுப்பொருள் என்று பையில் போடக்கூடாது.

15 பிப்ரவரி, மாலை

வெர்டன். மூன்று நாளில் ஈப்பரும் வெர்டனும் ஒட்டாது. இடையே பஸ்ஸில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. இன்னொரு நாள் கூட்ட முடிந்தால் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மனதில்லாமல்தான் சொல்கிறேன், ஏனென்றால் துவோமோன் எலும்பு மண்டபம் போல ஓர் இடத்தை நான் எங்கும் பார்த்ததில்லை.

1916 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் வரை நீண்ட சண்டை. இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 3 லட்சம் பேர் இறந்தார்கள். யார் எலும்பு எது என்று பிரிக்க முடியாத ஏறத்தாழ 1,30,000 பேரின் எச்சங்கள் அந்த நீண்ட மண்டபத்தின் அடியில் இருக்கின்றன, பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் ஒன்றாக. வெளியே போய்ச் சுவரோரம் குனிந்தால் இடுப்புக்குக் கீழே சின்னச் சின்னக் கண்ணாடி ஜன்னல்கள். உள்ளே எலும்புக் குவியல். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி, கையால் வெளிச்சத்தை மறைத்தால்தான் தெரியும். எங்களில் பாதிப் பேர் குனியவில்லை. யாரையும் வற்புறுத்தாதீர்கள். மண்டபத்துக்குள் பேச்சும் படமும் கூடாது.

எதிரே ஏறத்தாழ 16,000 பிரெஞ்சுக் கல்லறைகள். ஒரு பக்கம் சிலுவைகளுக்குப் பதிலாக மெக்கா நோக்கிய கற்கள், வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவந்த முஸ்லிம் சிப்பாய்கள். அவர்களுக்கென்று தனி நினைவிடம் 2006-ல்தான் வந்தது.

பக்கத்தில் ஃப்ளூரி என்ற கிராமம் இருந்த இடம். அந்தப் போரில் அடியோடு அழிந்த ஒன்பது கிராமங்களில் ஒன்று. காட்டுக்குள் குழிகளும் மேடுகளும்தான் மிச்சம். இங்கே ரொட்டிக்கடை, இங்கே பள்ளி என்று சிறு பலகைகள் நட்டிருக்கிறார்கள். ஆள் இல்லாத அந்த ஊருக்கு இன்றும் ஒரு மேயர் உண்டு.

18 பிப்ரவரி, இரவு

"அந்தக் கல்லறைகளில் எல்லோருக்கும் சமமான மரியாதை, அதுவே பெரிய விஷயம்" என்று ஒருவர் எழுதியதற்குப் பலர் தலையாட்டியிருக்கிறார்கள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே உயரம் என்று நானும் 9-ஆம் தேதி எழுதினேன். ஐரோப்பாவில் அப்படித்தான். அதை வைத்து எல்லா இடத்திலும் அப்படி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இந்தக் கல்லறைகளைப் பராமரிக்க 1917-ல் அமைந்த போர்க் கல்லறை ஆணையம் தானே நியமித்த குழு 2021-ல் அறிக்கை கொடுத்தது. இந்தியா, கிழக்கு ஆப்பிரிக்கா, மேற்கு ஆப்பிரிக்கா, எகிப்து, சோமாலியா பக்கத்தைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேருக்கு மற்றவர்களுக்குக் கொடுத்த மரியாதை கிடைக்கவில்லை. இன்னும் குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை 3,50,000 வரை, பெயரே இல்லை அல்லது எந்த நினைவுமே இல்லை. ஆணையம் மன்னிப்புக் கேட்டது.

பஸ்ரா நினைவிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், மடிந்தவர்களுக்கானது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்திய அதிகாரிகளின் பெயர்கள் இருக்கின்றன. இந்தியச் சிப்பாய்களுக்கு, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே, இத்தனை பேர் என்று ஓர் எண். தமிழர்கள் நிறைய இருந்த ராணுவப் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் பணியாற்றிய முனைகளில் மெசபடோமியாவும் ஒன்று. நம் கிராமத்துக் கல்வெட்டில் எண், பஸ்ராவிலும் எண். 6-ஆம் தேதி பிறகு வருகிறேன் என்றது இதற்குத்தான். போனபோதும் எண்ணிக்கை, செத்தபோதும் எண்ணிக்கை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும். நூவ் ஷாப்பலில் பெரியம்மா படித்தது ஏன் எங்களை அப்படிப் பிடித்து நிறுத்தியது என்பது ஊருக்கு வந்து இந்த அறிக்கையைப் படித்த பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

19 பிப்ரவரி, காலை

லண்டனில் ஒரு நாள் மிச்சமிருக்கிறது, வேறு ஏதாவது உண்டா என்றால், பிரைட்டன். காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அங்கே அரச மாளிகையையே மருத்துவமனை ஆக்கினார்கள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி அடுக்களை, தனித்தனிக் குடிநீர்க் குழாய். அங்கே இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வெளியே மேட்டில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் சத்திரி என்ற வெள்ளைக் குவிமாட மண்டபம் கட்டினார்கள். அந்த 53 பேரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தது 2010-ல். மேட்டில் ஏற வேண்டும், சாலை மேலே வரை கிடையாது. உங்கள் குழுவில் எத்தனை பேரால் முடியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

22 பிப்ரவரி, இரவு

புதிய பட்டியலைப் போட்டிருக்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. முதல் நாள் டைன் காட், லாங்கமார்க், மாலை மெனின் வாயில். இரண்டாம் நாள் நூவ் ஷாப்பல் மட்டும் என்று வைத்திருக்கிறீர்கள். எதிரிலேயே போர்த்துகீசியக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 1,831 பேர். சாலையைக் கடந்தால் போதும், அதையும் பார்த்துவிடுங்கள். மூன்றாம் நாள் தியெப்வால். வெர்டன் இல்லை. சரி.

முப்பது பேருக்கும் பெயர் பிரித்துக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, கட்டாயம் கொடுங்கள். போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் நினைவிடத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் பட்டியல் வரும், கட்டணம் இல்லை. இந்தியப் பெயர்களில் பலவற்றுக்குத் தந்தை பெயர், கிராமம், மாவட்டம் வரை இருக்கிறது. ஆளுக்கு ஒன்று போதும். பெயர், படைப்பிரிவு, சுவரில் எந்தப் பலகை என்பதைத் தமிழில் சீட்டில் எழுதிப் பஸ் ஏறும்போது கொடுத்துவிடுங்கள். வாய்விட்டுப் படிக்கத் தயங்குகிறவர்களுக்கு உச்சரிப்பையும் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள், அவர்கள்தான் பெயரை ஓடித் தேடிக் கண்டுபிடிப்பார்கள். சுவரில் செங்கல் அளவு வெண்கலக் கதவு போட்ட ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே பதிவேடும், வந்தவர்கள் எழுதும் நோட்டும் இருக்கும். நோட்டில் தமிழிலேயே எழுதுங்கள். தேதியும் ஊரும் போடுங்கள்.

மெனின் வாயிலில் மலர்வளையம் வைக்க லாஸ்ட் போஸ்ட் சங்கத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், நேரில் போய்க் கேட்டால் கிடைக்காது. ஜூலை மாலைகளுக்கு இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். இந்த வாரமே எழுதிவிடுங்கள், குழுவின் பெயர், எத்தனை பேர், யார் வைக்கப்போகிறார்கள் என்ற விவரத்தோடு.